சங்குக்குக் கும்பிடு, மணலுக்குச் சங்கிலி

ஆரணிக்குக் கடல் கிடையாது. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. அலையைப் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் வரை, சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். இந்த ஊரில் பட்டுத்தறிக்காரரைப் பிடித்து நிறுத்தி, கடலடி மணலில் கிடக்கும் புழுவைப் பற்றியும் சிப்பியைப் பற்றியும் பேசினால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பார். கேட்கட்டும். பதிலுக்கு நானும் இரண்டு கேள்வி கேட்கிறேன்.

உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் சங்கு இருக்கிறதா? உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை தருகிறார்களா?

இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் கடலுக்கு வெளியே இல்லை. கடலடியில் நடக்கிற காரியத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. லாபத்தில் பங்கு இல்லை என்பது வேறு விஷயம்.

சங்கிலிருந்து தொடங்குவோம். அலமாரியில் மஞ்சள் குங்குமம் பூசி வைத்திருப்பது ஓர் உயிரின் ஓடு. அந்த உயிர் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணற்தரையில் ஊர்ந்து வாழ்வது. அதன் இரை, மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஒரு முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். சிப்பிகளின் குஞ்சுகள் பொரித்ததும் நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போகும். சங்கின் குஞ்சு அப்படிப் போவதில்லை. கூட்டிலிருந்து வெளியே வரும்போதே ஊர்ந்துதான் வரும். பிறந்த மணலைச் சுற்றியே வளரும். ஆகவே ஓரிடத்தில் சங்கு அழிந்தால், வேறிடத்துச் சங்கின் குஞ்சு மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. புழு செத்தால் சங்குக்கு இரை இல்லை. மணல் கலைந்தால் முட்டைக்கூடு நிற்க இடமில்லை.

நாம் இவ்வளவு பயபக்தியோடு கும்பிடும் பொருள் இது. சங்கைக் கும்பிடும் நாட்டில் சங்கு வாழும் தரைக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கிறது?

வலம்புரிச் சங்கின் கதை இன்னும் வேடிக்கையானது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வலக்கையால் எழுதுகிறோம், சிலர் இடக்கையால் எழுதுகிறார்கள். சங்கில் மிக அரிதாக ஒன்று மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுருண்டு வளர்கிறது, அவ்வளவுதான். அதற்கு லட்சக்கணக்கில் விலை. வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம். கொழிக்கிறது, விற்றவருக்கு. அமெரிக்கக் கடற்கரையில் ஒரு நத்தை இனம் உண்டு. அதில் பிறக்கிற ஏறக்குறைய எல்லாமே அந்தப் பக்கமாகத்தான் சுருளும். அந்த ஓட்டை இறக்குமதி செய்து, 'அபூர்வ வலம்புரி' என்று நம் ஊர்க்காரர் தலையில் கட்டுகிறார்கள். மகாலட்சுமி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து அருள்பாலிக்கிறாள்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தச் சங்குக்காகத் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் கடலில் இறங்குகிற ஆட்களை நினைத்தால் சிரிப்பு வராது. முன்பு மூச்சைப் பிடித்துக் குளித்தார்கள். இப்போது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எந்திரம் நின்றால் மூச்சு நின்றது. அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து, கை கால் விளங்காமல் போவதும் உண்டு, உயிரே போவதும் உண்டு. உங்கள் பூஜை அலமாரிச் சங்குக்கு இந்த விலை கொடுத்தது யார் என்று நீங்கள் கேட்டதுண்டா?

அப்படியும், குளித்து எடுப்பவர் செய்யும் சேதம் சிறிது. அவர் கண்ணால் பார்த்து, கையால் எடுக்கிறார். சிறியதை விட்டுவிட முடியும். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அரசுச் சங்கு குளிப்பில் அளவில் சிறிய சங்கைக் கடலிலேயே திரும்பப் போடும் விதி இருந்தது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

யோசிக்காத கருவி ஒன்று பின்னால் வந்தது. அதன் பெயர் இழுவைமடி.

இழுவைமடி வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். விசைப்படகின் பின்னால் பை போன்ற பெரிய வலை. அதன் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள். அடிக்கயிற்றில் ஈயக் குண்டும் இரும்புச் சங்கிலியும். இறால் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும் பிராணி. சங்கிலி தரையைத் தட்டினால்தான் துள்ளி எழும், மடிக்குள் விழும். ஆகவே தரையைக் கிளறுவது இந்தத் தொழிலில் தவறி நடப்பது அல்ல, தொழிலே அதுதான். பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாத பாக் விரிகுடாவில், நூற்றுக்கணக்கான படகுகள் மணிக்கணக்கில் இதைச் செய்கின்றன. போன வாரம் இழுத்த அதே இடத்தில் இந்த வாரமும் இழுக்கின்றன.

அங்கே கீழே யார் இருந்தார்கள்? கடற்பஞ்சு, கடல்விசிறி, கடற்புல், நட்சத்திர மீன், மட்டி, கடல் அட்டை, குழாய்ப் புழு. கடற்பஞ்சு நாள் முழுக்க நீரை வடிகட்டுகிறது. மட்டியும் அப்படியே. புழு மண்ணைக் கிளறி அதற்குள் காற்றோட்டம் தருகிறது. கடற்புல்லில் இறால் குஞ்சே வளர்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசு அதைத்தான் மேய்கிறது. முதல் இழுப்பில் நிமிர்ந்து நிற்பவை ஒடிகின்றன. சேறு கலங்கி, வடிகட்டி உண்ணும் உயிர்களின் வாயை அடைக்கிறது. மறுபடி மறுபடி இழுத்த தரையில், மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் உயிர்கள் மறைந்து, சட்டென்று பெருகிச் சட்டென்று சாகும் சிறு புழுக்களும் பிணம் தின்னும் நண்டுகளும் மட்டும் மிஞ்சுகின்றன. மேலிருந்து பார்த்தால் கடல் அதே நீலம். நமக்கு அது போதுமாயிருக்கிறது.

குளிர்ந்த கடல்களில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரம். அங்கே எல்லாமே மெதுவாக வளர்கிறது. 2006இல் ஐஸ்லாந்துக் கடலடியிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு மட்டியை எடுத்தார்கள். ஓட்டின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது அதற்கு வயது 507. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய மறு வருடம், 1499இல் பிறந்த உயிர். வயதைக் கண்டுபிடிக்க எடுத்தவர்கள் கையிலேயே அது செத்தது. அந்த இன மட்டியைச் சூப்புக்காகவும் டப்பாவுக்காகவும் வட அட்லாண்டிக்கில் எந்திரத்தால் வாரி எடுக்கிறார்கள். நூறு வருடம், இருநூறு வருடம் வாழக்கூடிய ஒன்றை ஒரு மதிய உணவுக்காகக் கிளறி எடுத்தால், அந்த இடம் பழையபடி ஆக எத்தனை தலைமுறை ஆகும்?

இதெல்லாம் இப்போது கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 1376இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டிடம் மீனவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். புதிதாக வந்த ஒரு வலை கடலடியை அரித்து, அங்கே வளரும் செடியையும் மீனுக்கு இரையாகும் சிப்பியையும் அழிக்கிறது என்றார்கள். அதில் சிக்கும் பொடி மீனை என்ன செய்வதென்று தெரியாமல் பன்றிக்குப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள் என்றும் புலம்பினார்கள். விஞ்ஞானம் இல்லாத காலத்தில், கண்ணால் பார்த்த மனிதர்கள் சொன்னது.

ராமேசுவரத்தில் அந்தப் பொடி மீனுக்குப் பெயர் சங்காயம். ஒரு கிலோ இறாலுக்காகப் பல கிலோ சங்காயம் மடியில் ஏறுகிறது: முட்டையிடாத மீன் குஞ்சு, உடைந்த நண்டு, உண்ண முடியாத இன்னும் எத்தனையோ. முன்பு கடலிலேயே கொட்டினார்கள். இப்போது உலர்த்தி, அரைத்து, கோழித் தீவனமாக நாமக்கல்லுக்கும் மற்ற ஊர்களுக்கும் போகிறது. சோழமண்டலக் கரையின் இழுவைப் படகுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2010இல் வெளிவந்தது. நல்ல மீன் தீர்ந்து தொழில் நொடித்துப் போகவேண்டிய நிலையிலும், இந்தக் குப்பை மீனுக்கு விலை கிடைப்பதால் படகுகள் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே அதன் சாரம். ஆரணிப் பள்ளிக்கூடத் தட்டில் விழும் முட்டைக்கும் கடலடிக்கும் உள்ள உறவு இதுதான். அன்று பன்றி, இன்று கோழி. 650 வருடத்தில் மனிதன் கற்றது, எதற்குப் போடுவது என்பதை மாற்றியது மட்டும்தானா?

அவசரப்பட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்க வேண்டாம். ஏழைப் பிள்ளைக்கு அந்த முட்டை வேண்டும். கோழிக்கு வேறு புரதம் போட முடியும் என்பதுதான் பேச்சு.

இந்தக் கருவி நமக்கு எப்படி வந்தது? குளிர்க் கடல் நாடான நார்வேயிலிருந்து. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் ஒரு வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கின. ஏழை மீனவனின் வாழ்வை உயர்த்துவது நோக்கம். அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு விலை ஏறியது. நல்லெண்ணம் கரையில் நின்றது, இறால் கப்பல் ஏறியது. தமிழ்நாட்டிலும் விசைப்படகு பெருகி, எழுபதுகளில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கரையெங்கும் அடிதடி. வெட்டுப்பட்ட வலை, எரிந்த படகு, செத்த மனிதர். பாக் விரிகுடாவில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே முறைவைத்துப் பிரித்தார்கள். 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு மட்டும் என்றது. காகிதத்தில் அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

ஆரணிக்காரருக்கு இது புரியாமல் போகுமா? நமக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1985ஆம் வருடத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். இன்று 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்கிறது. பட்டுச் சேலை அதில் உண்டு. 1993இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் விசைத்தறியில் ஓடிய சேலை கைத்தறிப் பட்டு என்ற பெயரில் கடைக்கு வருகிறது. நாம் மனுக் கொடுக்கிறோம், ஆர்ப்பாட்டம் செய்கிறோம், அமலாக்க அதிகாரி தூங்குகிறார் என்று திட்டுகிறோம். சரியாகவே திட்டுகிறோம். அப்படியானால் மூன்று மைலுக்குள் விசைப்படகு வராதே என்று கத்தும் நாட்டுப்படகுக்காரரின் குரல் மட்டும் நமக்கு ஏன் அந்நியமாகக் கேட்கிறது? வேகமான எந்திரம் மெதுவான கையின் சோற்றைப் பிடுங்கக்கூடாது என்பது நம் தெருவுக்கு மட்டும் பொருந்தும் நியாயமா? நம் தெருவுக்கு மட்டும் பொருந்தினால் அதை நியாயம் என்று சொல்லாதீர்கள். சுயநலம் என்று சொல்லுங்கள். நேர்மையாகவாவது இருக்கும்.

விசைத்தறியில் நிற்பவரும் கூலிக்காரர்தான் என்பதை நான் மறக்கவில்லை. விசைப்படகில் போகிறவரும் அப்படியே. படகு முதலாளி பெரும்பாலும் கரையில்தான் இருப்பார். இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவதும், சிறையில் கிடப்பதும், சில நேரம் பிணமாகத் திரும்புவதும் பங்குக்குப் போகும் ஆள்.

இங்கேதான் நம் அரசியல் தன் முகத்தைக் காட்டுகிறது. மீனவர் கைது என்றதும் எல்லாக் கட்சிக்கும் ஒரே பேச்சு: கச்சத்தீவை மீட்போம், டெல்லியே தூங்காதே. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கும் தலைவர்கள், இழுவைமடி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுப்பதில்லை. ஏன்? எல்லையைத் தாண்டிப் போவது எதற்காக? இந்தப் பக்கத் தரையை நாமே இழுத்து இழுத்து வெறுமையாக்கியதற்கு அதில் பங்கே இல்லையா?

அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தவர், மன்னார்க்காரர், முல்லைத்தீவுக்காரர். தமிழர். நாம் மேடை மேடையாகத் தொப்புள்கொடி உறவு என்று உருகும் அதே மக்கள். போர்க் காலத்தில் அவர்கள் கடலில் இறங்கத் தடைகளும் கட்டுப்பாடுகளும் இருந்தன. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி, கண்ணாடியிழைப் படகில் கடலுக்குப் போனார்கள். இரவில் விரித்த வலையைக் காலையில் காணோம். நம் ஊர் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போயிருந்தது. தமிழ்நாட்டுப் படகுகள் வாரத்தில் மூன்று நாள் வரும் என்று தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் தங்கள் சொந்தக் கடலுக்கே போகாமல் கரையில் உட்கார்ந்தார்கள். போர் முடிந்து, இராணுவத்தின் தடை நீங்கிய பிறகு, நம்மால் வந்த தடை இது.

ஈழத் தமிழருக்காகத் தீக்குளித்தவர்கள் இருந்த மண் இது. அறுந்த வலைக்கு ஒரு கண்டனக் கூட்டம் நடந்ததா?

2010இல் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசி, ஒரு வருடத்தில் இழுவையை நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். நிற்கவில்லை. 2016இல் இரு நாட்டு அமைச்சர்களும் இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்றார்கள். வரவில்லை. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர், எம்.ஏ. சுமந்திரன். அதே வருடம் நம் பக்கம் ஒரு திட்டம்: பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று வருடத்தில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றுவது. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. தினம் போய்த் தினம் திரும்பும் ஆளை, வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்கும் தொழிலுக்கு மாற்றக் காசு மட்டும் போதாது. பழக்கம் வேண்டும், பயிற்சி வேண்டும், மிச்சத்துக்குக் கடன் அடைக்கும் தெம்பு வேண்டும். இது தெரியாமலா திட்டம் தீட்டினார்கள்?

இந்த இடத்தில் என்னை மடக்க ஒருவர் எழுவார். "பட்டுக்காரன் நீ பேசலாமா? ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூட்டைக் கொதிநீரில் போடுகிறோமே, புழு உயிர் இல்லையா?" நல்ல கேள்வி. உயிர்தான். கொல்லாமையைப் போதிக்க நான் வரவில்லை. மனிதன் வாழ்வது உயிரை எடுத்துத்தான். எதை எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், அது மறுபடி வருமா, யார் சோறு அதனால் போகிறது என்று கணக்குக் காட்டு என்கிறேன். பட்டுப்புழு வளர்ப்பவர் அடுத்த ஈட்டுக்கு முட்டை வைத்திருக்கிறார், மல்பெரிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒவ்வொரு கூடு எடுக்கும்போதும் மல்பெரித் தோட்டத்தை வேரோடு பிடுங்கி எறிபவரை என்ன சொல்வோம்? கடலில் அப்படிச் செய்பவருக்கு வரி நீக்கிய டீசல் கொடுக்கிறோம்.

ஆம், அது நம் பணம். விசைப்படகுக்கு மாநில அரசு விற்பனை வரியில்லாமல் டீசல் தருகிறது. ஆரணியில் கோராவும் சரிகையும் வாங்கி வரி கட்டும் நீங்களும் நானும் அந்தச் சங்கிலியை இழுக்க எண்ணெய் ஊற்றுகிறோம். நம் தொழிலிலும் இதே கணக்குத்தான்: 2023இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம், விசைத்தறிக்கு 1,000 யூனிட். எந்திரத்துக்கு எண்ணெயும் மின்சாரமும், கைக்குப் பொன்னாடை.

"சேதம் என்று முழுசாக நிரூபித்தாயா?" என்பது கடைசிக் கேடயம். நெதர்லாந்தின் வாடன் கடலில் எந்திரத்தால் மட்டி வாரியவர்களும் இப்படித்தான் கேட்டார்கள். அந்த மட்டியைத் தின்று வாழும் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் போனது. 2004 செப்டம்பரில் தீர்ப்பு: காக்கப்பட்ட அந்த இடத்தில், தீங்கு இல்லை என்பதில் அறிவியல்படி நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாதபோதுதான் அனுமதி தரலாம். மட்டிக்கு வாய் இல்லை என்பதால் நிரூபிக்கும் பாரம் இடம் மாறியது. அடுத்த வருடம் அங்கே எந்திரத்தால் மட்டி வாருவது நின்றது. உரிமம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். எந்தக் கடவுளும் தலையிடவில்லை. மனுப் போட்டவர்களும், படித்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளும் செய்த வேலை.

2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பாராட்டலாம். கடற்பசு மேயும் புல்மீது சங்கிலி ஓடாமல் காப்பது யார், எத்தனை ரோந்துப் படகு, மூன்று மைல் எல்லையை மீறிய எத்தனை பேர்மேல் நடவடிக்கை, மடியை விடத் தயாராக இருக்கும் பங்குக்காரருக்கு மாற்றுத் தொழிலுக்கு எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தக் கேள்விகளை அனுப்பப் பத்து ரூபாய் ஆகும். ஆரணி அஞ்சலகத்திலிருந்தே அனுப்பலாம். அடுத்த தேர்தலில் கச்சத்தீவைப் பற்றிப் பேச இந்த ஊர்த் தேரடிக்கு ஒரு வேன் வரும். மைக் பிடித்தவரிடம் இழுவைமடியை உங்கள் கட்சி எந்த வருடம் நிறுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் வருடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.